மூன்றாவது கெமரா

ரத்தோட்டைப் பக்கம் அழகமுத்துவின் கெமரா இல்லாமல் ஒரு தாலி ஏறாது. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். பல்லேபொலவிலிருந்துகூடத் த்ரீவீலர் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன், பெற்ற மகளின் கல்யாணத்தன்று தன் ஸ்டூடியோக் கதவைச் சாத்திக்கொண்டு, போனும் கையுமாக ஒற்றையாய் உட்கார்ந்திருந்தார்.

யாரைக் குற்றம் சொல்ல? குடித்தது அவர். நிஷாந்தி பெரியவளான சடங்கன்று சபை நடுவே மச்சானின் சட்டையைப் பிடித்ததும் அவர்தான். அன்றைக்கே மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு, அந்த அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். அழகமுத்து குடியை விட்டு இப்போது ஆறு வருஷம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டுமே, கண் கெட்டவனுக்கும் விடியத்தானே செய்கிறது.

அக்கா வேலம்மாதான் மனசு கேட்காமல், கண்டி மண்டபத்திலிருந்து லைவ் லிங்கை அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

“பாரு தம்பி. ஆனா மூச்சு விடாத. நீ பாக்குறது தெரிஞ்சா மணவறையிலயிருந்து எந்திரிச்சுப் போயிருவேன்னு புள்ள சொல்லிருச்சு.”

“சத்தங்காட்டாமப் பாத்துக்கிறேங்கா.”

பார்த்தார். திரை மூலையில் ‘ஸுஹைல் வீடியோ’ என்று பெயர். பின்னாலிருந்து ஒரு கெமரா மண்டபம் முழுவதையும் காட்டியது; பக்கத்திலிருந்து ஒன்று ஐயரையும் ஹோமத்தையும். பிறகு மணவறைக்கு நேர் முன்னால் வைத்த மூன்றாவது. நிஷாந்தியின் முகம். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகம். மூக்கு அவருடையதேதான், பாவம். நெற்றியில் ஒரு பருத் தழும்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஆசை தீரப் பார்ப்பதற்குள் படம் நின்றது. சத்தம் மட்டும் கேட்டது.

திரும்ப வந்தது. முகத்தைக் காட்டியதும் மறுபடி நின்றது.

அழகமுத்துவுக்கு விளங்கிவிட்டது. மூன்று கெமராவையும் ஒரே ஹப்பில் மாட்டி, அதை லெப்டொப்பின் ஒரே துளையில் செருகியிருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் மூன்று லொறி எப்படிப் போகும்? ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவரும் இதே வம்பில் மாட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். படத்தின் அளவைக் குறைக்கலாம், வயரை வேறு துளைக்கு மாற்றலாம். அதற்கெல்லாம் நேரமில்லை. தாலித் தட்டு சபைக்குப் போய்விட்டது. அவ்வளவு துல்லியமாகக் காட்டுகிற அந்தப் பெரிய கெமராதான் பாதையை அடைக்கிறது. அதைக் கழற்றினால் தாலி கட்டுவதைப் பார்க்கலாம். முகத்தைப் பார்க்க முடியாது.

அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். லைவின் கீழே கமெண்ட் எழுதிச் சொன்னால் திரையில் பெயர் தெரியும். பெயர் மகள் காதுக்குப் போனால் கல்யாணமே கெட்டுவிடும். கெடுக்கக் கூடாது, கெடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே விரல் எழுதிவிட்டது.

“முன்னால இருக்கிற பெரிய கெமராவைக் கழட்டுங்க. ஒரு ஹப் தாங்காது.”

அரை நிமிஷம். படம் வந்தது. கெட்டிமேளம். மாப்பிள்ளையின் கை, நிஷாந்தியின் குனிந்த கழுத்து, மூன்று முடிச்சு. அழகமுத்து வாய்விட்டு அழுதார். அழட்டும், யார் இருக்கிறார்கள் பார்க்க?

மேளம் ஓய்ந்த இடைவெளியில் மச்சானின் குரல் மைக்கில் விழுந்தது.

“என்ன தம்பி, படம் தெரியலைன்னு வெளிநாட்டுலயிருந்து ஒரே போனு?”

“இப்ப சரி சேர்,” என்றான் ஸுஹைல். “ரத்தோட்ட அழகமுத்து அண்ணன் லைவ்ல பாத்துக்கிட்டு இருக்காரு. அவருதான் சொன்னாரு, எதைக் கழட்டணும்னு.”

அழகமுத்துவுக்கு உயிரே போய்விட்டது.

நிஷாந்தி தலையை நிமிர்த்தினாள். எழுந்து போகவில்லை. தனக்கு நேர் முன்னால் இருந்த பெரிய கெமராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனிடம் ஏதோ சொல்லவும் செய்தாள். அதற்குள் மேளம் மறுபடி தொடங்கிவிட்டது. சிரித்துச் சொன்னாளா, அழுது சொன்னாளா, திட்டினாளா?

அந்தக் கெமராவின் வயர் தரையில் கிடந்தது. பக்கத்துக் கெமராவில் அழகமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் ஒரு காதும், அதில் ஆடிய ஜிமிக்கியும்தான்.