கினிகத்தேனையில் வாங்கிய பேட்டரி சைக்கிள்

எனக்குப் பொறாமை அதிகம். அதை மறைத்து எழுத எனக்கு வராது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில், சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பிராக்காரி குவைத்திலிருந்து திரும்பி வந்த வருஷம் முழுக்க எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் வீட்டு வேலைக்குப் போயிருந்த இரண்டு வருஷமும் அவள் மகளைப் பார்த்துக்கொண்டது நான்தான். அப்பன்காரன் கொழும்பில் ஏதோ கடையில் இருந்தான், தீபாவளிக்குத் தலையைக் காட்டுவான். சோறு போட்டதும் தலை பின்னிவிட்டதும் காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் நான். எனக்கு இரண்டும் பையன்கள். ‘பெரியம்மா’ என்று அந்தப் பிள்ளை என் பின்னாலேயே திரிந்தபோது, பெற்றவள் வராமலே போனால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அவள் வந்தாள். மறுநாளிலிருந்து பிள்ளை என் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. தலையையும் அங்கேயே பின்னிக்கொண்டது.

அது போதாதென்று ஒரு நாள் என்னிடமே வந்து நின்றாள்.

“அக்கா, புள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவுது. கினிகத்தேனை டவுன்ல பேட்டரி சைக்கிள் விக்கிறாங்களாம். எனக்கு சிங்களம் தெரியாது. நீங்க கூட வந்து பேசிக் குடுங்கக்கா.”

சின்ன வயதில் கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தவள் நான். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். பிள்ளை வழி முழுக்க அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடை முதலாளி நல்ல மனிதர். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தோட்டத்தின் பேரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். ‘இது சமதரை ரோட்டுக்கு உள்ள வண்டி. உங்கள் மேட்டில் ஏறாது. பிள்ளை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டி வரும். அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்’ என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடம் கீழே ரோட்டோரம், லயமோ மேலே மலையில்.

“என்னக்கா சொல்றாரு?”

“நல்ல வண்டிங்கிறாரு. மழையில நனையாம பாத்துக்கணுமாம்.”

அவ்வளவுதான். மீதிக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன். பிள்ளை சிவப்பு வண்டியின் பெல்லைத் தடவிக்கொண்டு குனிந்தே நின்றது.

வண்டி லொறியில் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளை சத்தமே இல்லாமல் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனபோது லயமே வாசலில் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். மத்தியானம் இதே வழியாகத்தானே வர வேண்டும் என்று மனதுக்குள் சிரித்தேன்.

மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மேட்டின் முதல் வளைவிலேயே பிள்ளையைக் கண்டேன். அந்தக் கனமான வண்டியை முக்கி முக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கவுன் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சிரிப்பு வரவில்லை. கூடையைக் கழற்றாமலே பின்னால் போய்க் கை கொடுத்தேன்.

பாதி மேட்டில் பிள்ளை மெதுவாகச் சொன்னது:

“பெரியம்மா, அன்னைக்கு முதலாளி சொன்னது எனக்கு விளங்கிருச்சு. பள்ளிக்கூடத்துல சிங்களம் படிக்கிறோம்ல.”

தள்ளுவதை நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க அம்மாகிட்ட சொல்லிருவீங்களோன்னு பயந்துகிட்டே நின்னேன். எனக்கு ஆசைன்னு தெரிஞ்சுதானே மறைச்சீங்க?”

“ஆமா” என்றேன்.

“அம்மாகிட்ட சொல்லிறாதீங்க.”

வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். பெற்றவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் இருக்கிறதே என்ற கேடுகெட்ட சந்தோஷம். அந்த வேகத்திலேயே மிச்ச மேட்டையும் தள்ளினேன்.

மேலே அவள் ஓடிவந்தாள். மகளிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு, சிவந்துபோன என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“எனக்குப் பாத்து வாங்கத் தெரியலக்கா. நீங்க எம்புட்டு தூரம் வந்து பேசிக் குடுத்தீங்க. கடைசியில உங்களையும் தள்ள வச்சிட்டேன். மன்னிச்சிக்கங்க.”

அப்போதுதான் எனக்குக் கூசியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.