எட்டின் மேல் போட்ட பழி

விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் சோதிக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு என்று ஒவ்வொன்றின் நிலையையும் அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர் மனுச் செய்தால் அந்த அறிக்கையின் நகலைத் தர வேண்டும். பணிக்காலம் முழுவதையும் போக்குவரத்துத் துறை அலுவலகங்களில் கழித்தவள் என்பதால் அந்தப் படிவத்தின் கட்டங்களை இன்றும் என்னால் வரிசை மாறாமல் சொல்ல முடியும். பதிவு எண்ணின் கூட்டுத்தொகை என்ன என்று கேட்கும் கட்டம் அதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் அப்பாவின் விபத்தில் ஊரே சேர்ந்து நிரப்பியது அந்த இல்லாத கட்டத்தை மட்டும்தான்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையை நினைத்தால் முதலில் வருவது ஒரு நாற்றம். கருகிய ரப்பரும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த நாற்றம் அப்பாவின் காக்கிச் சட்டையோடு வீட்டுக்குள் வரும். அம்மா இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாது. அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் ஒரு முதலாளியிடம் இருந்தார். ஆத்தூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவருவது வழக்கமான நடை. அவர் ஓட்டிய வண்டியின் எண் 3527. கூட்டினால் பதினேழு, அதையும் கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண் என்பதால் முதலாளியிடம் இருந்த மற்ற டிரைவர்கள் ஒருவரும் அந்தச் சாவியைத் தொடவில்லை. அப்பா தொட்டார். ஆறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். அந்த ஆறு வருடத்தைப் பற்றி யாரும் எந்தக் கூட்டல் கணக்கும் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்றம் பிரேக்குக்குள் சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பட்டை, "லைனர்", தேய்ந்த நாற்றம் என்று எனக்குச் சொன்னவர் மைதீன் பாய். சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர். முதலாளியின் வண்டிகளுக்கு பிரேக் வேலையெல்லாம் அவர்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, லைனர் மாற்றாமல் இந்த வண்டியை எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அப்பாவும் போய்ச் சொன்னார். முதலாளி கெட்டவர் அல்ல, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குத் துணி எடுத்துக்கொடுப்பவர். அவர் சொன்னதை அப்பா அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"ஏப்பா பழனி, லைனரு மாத்துனா மட்டும் எட்டு ஏழாயிருமா?"

அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. வண்டியை இரண்டு நாள் நிறுத்திச் சனீஸ்வரனுக்குப் பரிகாரம் செய்தார். எள் விளக்கு, கறுப்புத் துணி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடிக்கு மேலே புதிதாக ஒரு கண் திருஷ்டிப் படம். எங்கள் அம்மாவையும் எட்டுச் சனிக்கிழமை விளக்குப் போடச் சொல்லி அனுப்பினார், அம்மாவும் போடத் தொடங்கினாள். வண்டி நின்ற அந்த இரண்டு நாளில் நான்கு சக்கரத்துக்கும் லைனர் மாற்றியிருக்கலாம். மைதீன் பாய் ஆள் வைத்துக் கேட்டும் அனுப்பினார். பரிகாரம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. நோயை எண்ணில் வைத்தால் மருந்தையும் எண்ணுக்குத்தான் கொடுக்கத் தோன்றும்.

பரிகாரம் முடிந்த மூன்றாம் வாரம், ஒரு பிற்பகலில், அயோத்தியாப்பட்டணத்துக்குச் சற்று முன்னால் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். அப்பா வண்டியை இடப்பக்கம் ஒடித்துப் புளியமரத்தில் ஏற்றினார். கூட்டத்தில் ஒருவருக்கும் அடி இல்லை. அப்பாவுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, வண்டி நம்பர் என்ன. சொன்னதும் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக் கூட்டுவார்கள். கூட்டி முடித்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். காரணம் தெரிந்துவிட்ட நிம்மதி. மைதீன் பாய் ஒருவர்தான் விரலை மடக்கவில்லை. "நம்பரு பம்பர்ல இருக்கு பழனி, பிரேக்கு சக்கரத்துல இருக்கு. நான் சக்கரத்தத்தான கழட்டிப் பாத்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஊரில் அதுதான் பெயர்) வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், அவர் எழுதிய ரிப்போர்ட்டுக்கு அப்பாவை மனுப் போடச் சொல், நீ படிக்கிற பிள்ளைதானே, எழுது என்றார்.

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு அது. அப்பா படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, "மேற்படி வாகனம்" என்பதற்குப் பொருள் தெரியாமலே எழுதினேன்.

அந்தக் காகிதம் அவருக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பது கால் கூடிய பிறகு எனக்குப் புரிந்தது. முதலாளி அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறு இடம் தேடிப் போனார். ஒவ்வொரு லாரி புக்கிங் ஆபீஸிலும் கடைசியாக எந்த வண்டி ஓட்டினாய் என்று கேட்பார்கள். அவர் எண்ணைச் சொல்வார். வேறு எண் சொல்லுங்கள் என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள்; அவர் சொல்ல மாட்டார். எதிரே இருப்பவர் விரலை மடக்கிக் கூட்டிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். இரண்டு மாதத்தில் அவருக்கு "எட்டுப் பழனி" என்று பெயர் விழுந்தது. லாரி மறுபடி ஓடத் தொடங்கியது. மரத்தில் மோதிய வண்டியை முதலாளி ராசிபுரம் பக்கத்தில் ஒருவருக்கு விற்றார், வாங்கியவர் முதல் வேலையாக லைனர் மாற்றினார், அது அதே எண்ணோடு பல வருடம் ஓடியது. என் அப்பா ஓடவில்லை. ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அந்த வழியாக 3527 போகும்போது எழுந்து நிற்பார் என்று அங்கே வேலை செய்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

மனுவுக்குப் பதில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டுக் கடிதம் எழுதினோம். ஒரு முறை அப்பாவோடு நானும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமல், "எட்டு வண்டிதானுங்க? ரிப்போர்ட்டு வந்து புதுசா என்ன சொல்லப் போவுது?" என்றார். சட்டத்தின் பெயரால் சம்பளம் வாங்குகிற ஒருவர் சொன்ன வாக்கியம் இது. அப்பா கோபப்படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "காயிதம் வந்தாப் போதும் சாமி, மறுபடி ஸ்டியரிங்கப் புடிச்சிருவேன்" என்றார்.

பிற்காலத்தில் அதே போன்ற மேசைக்குப் பின்னால் நானே உட்கார்ந்தேன். எட்டு வராமல் எண் கேட்டு நிற்பவர்களைத் தினமும் பார்த்தேன். விதி எளிமையானது: எண் வரிசைப்படி வரும், பிடித்த எண் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி முன்பதிவு செய்யலாம். பத்து வண்டி வைத்திருப்பவர் கட்டிவிடுவார். கடன் வாங்கி முதல் வண்டி எடுத்தவர் கிடைத்ததை வாங்கிக்கொள்வார். ஒன்பது எண்களில் ஒன்றின் கூட்டுத்தொகை எட்டாகத்தான் வரும். அது பள்ளிக்கூடக் கணக்கு. ஆக வசதியுள்ளவர்கள் தள்ளிவிட்ட எட்டெல்லாம் இல்லாதவர்கள் தலையில் சேரும். அவர்களுடைய டயர் வழுக்கை, லைனர் தேய்ந்தது, டிரைவருக்குத் தூக்கமில்லை. அந்த வண்டி மோதினால் பார்த்தாயா எட்டு என்பார்கள். இப்படித்தான் ஒரு பொய்க்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுக்கிறோம்.

வியாபாரி வாடிக்கையாளரின் மனத்தைப் பார்க்க வேண்டாமா என்று என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. பார்க்கட்டும். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டாம் எண் அறை வேண்டாமென்றால் ஏழாம் அறைச் சாவியைக் கொடுப்பது மரியாதை. அதை நான் குறை சொல்லவில்லை. ஒன்பது என்ற எண்ணைச் சொல்லித் திருநங்கைகளைக் கேலி செய்கிற ஊர் இது. அதற்காக ஒரு தனியார் பஸ் கம்பெனி தன் ஒன்பதாம் தடத்தின் எண்ணை மாற்றியதும் எனக்குத் தெரியும். பலகையை மாற்றினார்கள். பஸ்ஸுக்குள் கேலி செய்தவர்களை ஒரு நடத்துநர்கூட இறக்கிவிடவில்லை. எண்ணை அழிப்பதற்குப் பெயின்ட் போதும், வாயை மூடச் சொல்வதற்கு முதுகெலும்பு வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடிக்கையாளருக்குக் காட்டும் தயவு என்று தொடங்குவது கடைசியில் வேலைக்காரன் கழுத்தில்தான் போய் இறங்குகிறது.

போன மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகத் திறந்த ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். லிஃப்ட்டில் ஏழுக்கு மேல் ஒன்பதுதான் இருக்கிறது. எட்டாவது மாடியில் நின்றுகொண்டு ஒன்பதில் நிற்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். அவசர வழி எங்கே என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். படிக்கட்டில் துணி மூட்டை அடுக்கியிருப்பதாகச் சொன்னாள். "எட்டு இல்லீங்கம்மா, ஒண்ணும் ஆகாதுங்க" என்றும் சொன்னாள். தீயணைப்புத் துறைக்கு எழுதியிருக்கிறேன். எந்த விதியின் கீழ் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

மைதீன் பாயும் இல்லை, அவருடைய பட்டறை இருந்த இடத்தில் டைல்ஸ் கடை நிற்கிறது. சேகோ ஆலையின் கேட் இல்லை. 3527 எந்தக் காயலான் கடையில் உடைந்ததோ தெரியாது. இருப்பது ஒரு பழுப்பு உறை. அன்று பதினோராம் வகுப்பாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி.யை நான் எழுதிய ஆண்டு அது பதிவுத் தபாலில் வந்தது. உறைமேல் அப்பாவின் முழுப்பெயர் பழனியப்பன் என்று இருந்ததால், அவர் இல்லையே, திருப்பி அனுப்பட்டுமா என்று தபால்காரர் கேட்டார். மஞ்சள் காமாலையில் ஆள் போய்விட்ட செய்தி அவருக்கும் தெரியும். அம்மா கையை நீட்டினாள்.

"குடுங்க சாமி. அவரு கேட்ட காயிதமுங்க."

நான்தான் படித்துக் காட்டினேன். பின்சக்கர லைனர்கள் ரிவெட் வரை தேய்ந்த நிலை; வாகனம் ஓட்டத் தகுதியற்றது; ஓட்டுநர் மீது குற்றம் காண்பதற்கில்லை. கீழே ஆய்வாளரின் கையெழுத்து. விபத்து நடந்த மூன்றாம் நாளே போட்ட கையெழுத்து அது. நான்கு ஆண்டுகள் ஏதோ ஒரு மேசையில் கிடந்துவிட்டு அது எங்கள் கைக்கு வந்த தேதி ஆகஸ்ட் மூன்று, அப்பா இறந்த நாற்பத்தோராம் நாள்.