தேவனாம்பட்டினத்தில் கயிறு இழுக்கிறார்கள்

சிதம்பரம் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. அந்தக் கவலையோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று ஃபைபர் படகுகளை எண்ணுகிறேன். முப்பத்தொன்றாவது படகை எண்ணும்போது கரையில் பெண்களின் ஆரவாரம் கேட்டு எண்ணிக்கை தவறிவிடுகிறது.

தடித்த வலைக்கயிற்றின் ஒரு முனையில் பன்னிரண்டு பெண்கள், மறுமுனையில் பன்னிரண்டு ஆண்கள். இரண்டு முறை எண்ணிச் சரிபார்க்கிறேன்.

"என்னம்மா விசேஷம்?" என்று முன்னால் நிற்கும் பெண்ணைக் கேட்கிறேன். செல்வி என்று அவரைக் கூப்பிடுகிறார்கள்.

"மகளிர் தினம் ஐயா. அந்தக் காலத்துல வெளிநாட்டுல மில்லு வேலைக்குப் போன பொம்பளைங்க, வேலை நேரத்தக் கொறைங்க, ஓட்டு குடுங்கன்னு தெருவுல எறங்குனாங்களாம். எங்களுக்கு ஓட்டு இருக்குது. படகு, வலை, நிவாரணம்னு எல்லாத்தையும் முடிவு பண்ற ஊர்க்கூட்டத்துலதான் எடமில்ல."

எதிர்முனையில் ஊர்த்தலைவர் சிரிக்கிறார். "ஜெயிச்சிட்டு வந்து உக்காருங்க. யாரு வேணாங்குறா?"

விசில் ஒலிக்கிறது. பெண்கள் நன்றாகவே இழுக்கிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவர்கள் தினமும் வலை இழுக்கிறவர்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக மணலில் சாய்ந்து, எழ முடியாமல் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் போயே போயிருக்கும்.

செல்வி எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத் தலைவரிடம் வருகிறார்.

"சரி மாமா. நாளைக்கு ஊர்க்கூட்டம் எத்தனை மணிக்கு?"

தலைவர் வாய் திறப்பதற்குள், ஜெயித்த பக்கத்திலிருந்தே ஒருவர் பதில் சொல்கிறார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணி. நேரத்தோட வந்துடுங்க."