தப்பாக எண்ணிய உப்பு அம்பாரங்கள்

தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வரும் உப்பளச் சாலையில், வெயில் ஏறிவிட்டால் எது கடல், எது பாத்தி என்று தெரியாது. உப்பு அம்பாரங்கள் பாய் விரித்த தோணிகளாக மிதக்கும். சாலையும் மிதக்கும். அதையே பார்த்து வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் செருகும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எனக்கு அதுதான் ஓயாத கவலை.

அப்போது நான் ஆஸ்பத்திரியில் எழுத்தர். பெட்ரோல் கிடைக்காததால் நோயாளிகளை ஏற்றிவரும் எங்கள் வேன் கரிவாயுவில் ஓடியது. வண்டியில் பொருத்தியிருந்த வாயு அடுப்புக்குக் கரி போட நான் கூடப் போவேன். ஓட்டுகிறவர் இரவெல்லாம் கூலிக்கு உப்பு லாரி ஓட்டிவிட்டு, பகலில் எங்களுக்குச் சம்பளம் வாங்காமல் ஓட்டினார். "தூக்கமெல்லாம் வராது வே," என்பார். நான் நம்பவில்லை. அம்பாரங்களை வாய்விட்டு எண்ணுவேன். நடுவில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிடுவேன். அவர் உடனே திருத்துவார். "உமக்கு எண்ணவே தெரியலை. ஆஸ்பத்திரி எப்படி வே உருப்படும்?" அந்தக் கேலி காதில் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி.

ஒருநாள் பின்னால் பிரசவ வலியோடு ஒரு பெண்ணும் அவள் தாயும். பிள்ளை குறுக்கே கிடக்கிறதென்று மருத்துவச்சி அனுப்பியிருந்தாள். நாற்பத்தொன்று என்றேன். நாற்பத்துமூன்று. பதில் இல்லை. நாற்பத்தைந்து.

"ரெண்டை விட்டுட்டீய," என்றாள் அந்தப் பெண். வலியை மறக்க அவளும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஓட்டுகிறவரைப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. வண்டி பாத்திப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அவர் விழித்து நிறுத்தினார்.

"நிக்காதீய அண்ணாச்சி, நேரமாகுது," என்று தாய் அழுதாள்.

"சும்மா இரும்மா," என்றாள் மகள். "தூங்கிட்டே ஓட்டுனா எங்கன போய்ச் சேர? கொஞ்சம் கண்ணை மூடட்டும். முந்நூறு எண்ணி எழுப்புதேன்."

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். அவள் எண்ணத் தொடங்கினாள். வலி வந்தபோது அவள் குரல் நின்றது. விட்ட இடத்திலிருந்து நான் எண்ணினேன். வலி போனதும் அவள் வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் வெள்ளை அசையாமல் நின்றது. ஓர் எண்ணைக்கூட நான் விடவில்லை.

முந்நூறில் அவர் எழுந்து முகம் கழுவினார். நான் விடாமல் எண்ணியது அரைத்தூக்கத்தில் அவர் காதில் விழுந்திருக்கிறது. "இத்தனை நாளும் தெரிஞ்சேதான் தப்பா எண்ணினீரா?" என்றார். ஆமென்று தலையாட்டினேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த பயணத்தில், பாதி வழியில் அவரே வண்டியை ஓரம் கட்டினார். "முந்நூறு எண்ணும் வே," என்றார்.