உறை போட்ட கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் அவளுக்கு உறையம்மா என்று பேர். தொழில் தையல்தான். ஆனால் ஊருக்குத் தைத்துக் கொடுத்ததில் வந்த பேர் இல்லை இது. வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை தைத்து மாட்டிவிடுவாள். மிக்சிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட உறை. "கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் ஒண்ணு மாட்டிடுவா" என்று அவள் புருஷன் இருந்த காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்ன செய்ய, ஒருத்தர்மேல் பிரியம் வந்தால் அதை வாயால் சொல்ல அவளுக்கு வராது. துணியை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவாள்.

மருமகளோடு ஒரு கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்தது. விடுவாளா? மேஜைக்குக் கீழே இருந்த பெட்டிக்குக் கெட்டித் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, ஜிப் போட்டு ஒரு உறை. பொத்தானை அமுக்க மட்டும் ஒரு ஓட்டை. "அழகா இருக்கு அத்தை" என்றாள் மருமகள். வேறு என்ன சொல்வாள், பாவம்!

அந்தப் பெண்ணுக்கு அப்போது நிறைமாதம். அவள் அப்பா தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். மறுநாள் காலை ஓய்வு பெறுகிறார். தாயில்லாப் பெண், அப்பாதான் அவளுக்கு எல்லாம். ஆனால் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அழுது தீர்த்தவள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். அப்பாவோடு வேலை பார்த்த நர்சுகள், அவர் வண்டியில் போய் உயிர் பிழைத்தவர்கள் என்று ஒவ்வொருவரையும் பிடித்து, நாலு வார்த்தை பேசி வீடியோ அனுப்பச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டி, கடைசியில் தானும் பேசி அனுப்பிவிட்டால், விழாவில் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள்.

அந்த வீடியோ சாஃப்ட்வேருக்கு என்ன கேடோ, பாதியில் தானாக மூடிக்கொண்டது. திறந்தாள், ஓடியது, மறுபடி மூடிக்கொண்டது. கடிதம் அடித்தால் சமர்த்தாக இருக்கும் கம்ப்யூட்டர், படத்தை ஒட்ட ஆரம்பித்தால் மட்டும் மக்கர் பண்ணியது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். அப்டேட் போட்டாள். வைரஸ் தேடினாள். வேறொன்றை இறக்கிப் பார்த்தாள், அதுவும் அதே கதை. கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் போனில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்" என்றான்.

"உங்க கப்பலை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இங்க வந்து சேருங்க!" என்று எரிந்து விழுந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் உறையம்மா ஒன்றைக் கவனித்தாள். தான் சமையலறையில் இருக்கும்போது படம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. தான் அந்த அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். 'கடவுளே, என் ராசியா இது?' என்று பயந்தாள். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு பண்ணினாள். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாளே! மனசு கேட்காமல் பழச்சாறோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

மருமகள் அவ்வளவு பெரிய வயிற்றோடு தரையில் உட்கார்ந்து, கழற்றிய உறையை அவசர அவசரமாகப் பெட்டிக்கு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்ல அத்தை, தூசி தட்டினேன்."

உறையம்மா குனிந்து உள்ளே கையை விட்டாள். இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

"இந்தச் சூடு தாங்காமத்தான் அது நின்னு நின்னு போகுதா? நான் போனா உறையைக் கழட்டுறதும், வந்தா மாட்டுறதுமா இருந்தியா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ஆசையாத் தைச்சது அத்தை. கழற்றிப் போட்டா வருத்தப்படுவீங்களேன்னு..."

"அடி பைத்தியமே! உங்கப்பா படம் நின்னாலும் பரவாயில்ல, எம்மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தியா?" பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பார்த்ததில்லை. இந்தப் பெண் நமக்குக் கிடைக்க என்ன கொடுத்து வைத்தோமோ என்று உறையம்மா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. "கிடக்கட்டும் சனியன்" என்று உறையை மூலையில் வீசினாள். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். குட்டி மின்விசிறி முழுக்க அவள் வைத்துத் தைத்த பஞ்சு. அதை இழை இழையாக எடுத்தாள்.

பெட்டியை மேஜைமேல் காற்றோட்டமாக ஏற்றி வைத்தார்கள். மற்றவர்கள் பேசியதையெல்லாம் ஒட்டி முடித்த பிறகு, மருமகள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டியது மட்டும் பாக்கி. தலைக்கு மேலே ஓடிய ஃபேனின் இரைச்சல் விழும் என்று அதை நிறுத்தினார்கள். பெட்டி திரும்பச் சூடேறிவிடுமோ என்று உறையம்மாவுக்குப் பயம். தையலுக்கு அளவு வெட்டி வைத்திருந்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, கேமராவில் விழாத மாதிரி ஒதுங்கி நின்று விசிறினாள்.

"அப்பா, நான் இங்க நல்லா இருக்கேன். என்னைப் பத்திக் கவலையே படாதீங்க" என்று ஆரம்பித்தாள் மருமகள். இந்தத் தடவை சாஃப்ட்வேர் முரண்டு பண்ணவில்லை. படம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விழா முடிந்ததும் போன் வந்தது. அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி அழுது முடித்தார்கள். பிறகு அவர், "உங்க அத்தைகிட்டக் குடும்மா" என்றார்.

"சம்பந்தியம்மா, தினமும் போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்றா. பொண்ணுங்க வேற எப்படிச் சொல்லும்? நான் ஒருநாளும் நம்பினதில்ல." கொஞ்சம் செருமிக்கொண்டார். "இன்னிக்குப் படத்துல ஓரமா ஒரு கை தெரிஞ்சது. எதுக்கோ விசிறிக்கிட்டே இருந்தது. இவ நெத்தியில வேர்க்குறப்ப எல்லாம் இவ பக்கம் திரும்பித் திரும்பி விசிறிச்சு. எல்லாரும் என்னைப் பத்திப் பேசினாங்க, நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அது நீங்கதானே?"

"புள்ளைக்கு வேர்த்துதே அண்ணா, அதான்" என்றாள் உறையம்மா.