கறுப்புக் குதிரை தாண்டாத இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முள்மர ஆப்பு கிழித்த தழும்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

சினிமாவில் வருகிற கோட்டுப் போட்ட ஆசாமியை மறந்துவிடுங்கள். வாம்பயர் என்ற பேச்சே எங்கள் செர்பிய கிராமங்களிலிருந்து வெளியே போனதுதான். எங்களுக்கு அது சீமான் இல்லை, செத்துப்போன சொந்தக்காரன். புதைத்த பிறகும் எழுந்து வரும். முதலில் தன் வீட்டு ரத்தத்தைத்தான் தேடும்.

என் அண்ணன் ஜிவோயின் ஜனவரிக் குளிரில் செத்தான். ஆற்றுக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையில் பல வருடம் வேலை பார்த்தவன். கடைசி நாட்களில்தான் ஊருக்கு வந்தான். அவனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் மகள் ஸ்தானா படுத்துவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை. "ராத்திரி யாரோ வந்து கழுத்த நெரிக்கிறாங்கப்பா" என்றாள். கழுத்தில் நீலமாகக் கன்றியிருந்தது. நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். தாயில்லாத பிள்ளை. அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"உங்கண்ணன்தான்டா, வேற யாரு?" என்றான் பக்கத்து வீட்டு மிலேத்தா. "சனிக்கிழமை வரட்டும். அன்னிக்கு அதுங்க குழிய விட்டு நகராது. என் கறுப்பன ஓட்டிட்டு வர்றேன்."

ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கறுப்பு ஆண்குதிரை. அது எந்தக் குழிமேட்டைத் தாண்ட மறுக்கிறதோ, அதற்குள்தான் வாம்பயர். இது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் குதிரையை மிலேத்தா போன வருடச் சந்தையில் வாங்கியிருந்தான்.

சனிக்கிழமை. உச்சிப்பொழுது. ஆனாலும் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாத பனிமூட்டம். குதிரை என் அப்பாவின் குழியைத் தாண்டியது. என் மனைவியின் குழியைத் தாண்டியது. அண்ணன் குழிமேட்டுக்கு வந்ததும்... நின்றது.

இழுத்தோம். அடித்தோம். மூன்று தடவை. தலையைத் தாழ்த்தி மண்ணை முகர்ந்தது. மெல்லக் கனைத்தது. தாண்டவே இல்லை.

தோண்டினோம். மூடியைப் பெயர்த்தோம்.

முகம் சிவந்திருந்தது. உதட்டோரம் ரத்தம்...

"மாட்டுத்தோல மேல போடுடா! ரத்தம் தெறிச்சா நீயும் அதுவா ஆயிடுவ!" என்று கத்தினான் மிலேத்தா.

போட்டேன். முள்மர ஆப்பை அவன் நெஞ்சில் வைத்து நான் பிடித்தேன். மிலேத்தா சம்மட்டியை ஓங்கினான்.

தொப்!

விலா எலும்பு நொறுங்கியது. "ஹ்ஹூம்..." என்று ஒரு முனகல். அண்ணனின் குரலேதான்!

"நிறுத்துடா! உயிரோட இருக்கான்டா!"

"அது அவன் இல்ல. கைய எடுக்காத!"

தொப்... தொப்...

மாட்டுத்தோலுக்கு அடியில் ரத்தம் ஓடியது. ஒரு சொட்டுகூட என்மேல் படவில்லை. மண்வெட்டியால் தலையைத் துண்டித்தோம். எல்லாவற்றையும் எரித்தோம்.

அன்று இரவு ஸ்தானா வீறிட்டாள். நான் கண் விழித்தபோது அவள் கட்டிலருகே தரையில் கிடந்தேன். எப்போது அங்கே வந்தேன்? தெரியவில்லை. அவள் கழுத்தில் புதிதாகக் கன்றியிருந்தது.

மறு வாரம் ஆற்றுக்கு அப்பாலிருந்து குதிரை வியாபாரி ஒருவர் மிலேத்தாவைத் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். முற்றத்தில் கறுப்பனைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, ஜிவோயினோட செல்லப்பிள்ள! தாய்க்குதிர செத்ததும் அவன்தான் பால் குடுத்து, பக்கத்துலயே படுக்க வச்சு வளத்தான். அவன் படுத்திருந்தா இது தாண்டவே தாண்டாது. மேல மிதிச்சிருவோமோன்னு நிக்கும்."

அப்படியே தரையில் விழுந்து அழுதேன். பாசத்தில் நின்ற குதிரையை நம்பி, என் அண்ணன் நெஞ்சைப் பிளந்துவிட்டேனே!

மிலேத்தா குதிரையை லாயத்துக்கு ஓட்டினான். வழியில் என் கால்கள் நீட்டிக் கிடந்தன.

குதிரை நின்றது.

இழுத்தான். அடித்தான்.

இந்தத் தடவை அது முகரவில்லை. காதுகளை மடக்கியது. வாயில் நுரை. உடம்பெல்லாம் நடுக்கம். பின்னால் நகர்ந்தது... இன்னும் பின்னால்...

மிலேத்தா என்னைப் பார்த்தான். பிறகு சம்மட்டி கிடந்த மூலையைப் பார்த்தான்.

"போயிடுடா," என்றான். "புள்ளய நான் பாத்துக்கறேன்."

அன்றே கிளம்பினேன். திரும்பிப் போகவில்லை. இப்போது நான் தூங்கும் அறையை வெளியிலிருந்துதான் பூட்டச் சொல்கிறேன்.

பிறகு சந்தைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். நான் போன மறுநாள் காலையிலேயே ஸ்தானா எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று ரொட்டி கேட்டாளாம்.