இரும்பு ஒடிந்த இடம்

என் அண்ணன் தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். அவர் சம்பளத்தில்தான் நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில், சோதனைக்கூடப் பாடம் சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலம். இலஞ்சிக்குப் பக்கத்து வளைவில் அவருடைய பஸ் சாலையை விட்டு விலகிப் புளியமரத்தில் மோதியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் தலையில் கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைவுல ஸ்டியரிங்க ஒடிச்சேன்லே. கையில கனமே இல்ல. சக்கரம் தனியா எனக்கு முன்னால ஓடுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கழன்ற சக்கரத்தோடு, அதைத் தாங்கியிருந்த அச்சின் முறிந்த துண்டும் முற்றத்தில் கிடந்தது. வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சின் ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாகக் கறுத்திருந்தது. தண்ணீர் வடிந்த மணல்போல அதில் மெல்லிய வளைவரிகள். மிச்சமிருந்த கால்வாசி, உடைத்த கற்கண்டு மாதிரி பளபளத்தது.

அது எனக்குத் தெரிந்த பாடம். இரும்புக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். ஆனால் எந்த அடுக்கும் பிசகில்லாமல் இருப்பதில்லை. ஒரு வரிசை பாதியில் நின்றுவிடும், ஓரிடம் காலியாகக் கிடக்கும். அந்தப் பிசகுகள் நகர்வதால்தான் இரும்பு வளைகிறது, சம்மட்டிக்கு நீள்கிறது. அவை இல்லாவிட்டால் இரும்பை வளைக்கவே முடியாது. அதே பிசகுகள், பாரம் ஏறி ஏறி இறங்கும்போது ஓரிடத்தில் நெருங்கிச் சிக்கிக்கொண்டால் மயிரிழை விரிசல் பிறக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் வளரும்; விரிந்த பக்கங்கள் ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகக் கறுக்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் மிஞ்சிய கால்வாசி ஒரே நொடியில் ஒடியும்.

"மரத்துல மோதுனா இரும்பு உடையத்தான செய்யும், தம்பி?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார், உடைஞ்சதுனாலதான் மோதியிருக்கு. இந்தக் கறுப்பப் பாருங்க. இது பல மாசத்து விரிசல்."

"கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

நம்பிக்கையோடு கல்லூரிக்குத் திரும்பினேன். ஐந்து மாதம் கழித்து வழக்கு வந்தது. அச்சுத் துண்டில் ஒரு அட்டை கட்டிக் கோர்ட் மேஜைமேல் வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிப் பார்த்தேன். சாரலும் ஐப்பசி மழையும் நனைத்து முகம் முழுவதும் ஒரே துரு. கறுப்பும் இல்லை, பளபளப்பும் இல்லை. அன்றைக்கு ஒரு விரல் கிரீஸ் தடவி வைக்கச் சொல்லியிருந்தால் போதும். அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கே அது தோன்றவில்லை.

இருந்தாலும் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். அரசு வக்கீல் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த அணு வரிசையை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"இந்த வழக்குல எதிரியா நிக்கிற டிரைவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப்பிறந்த அண்ணன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு வருஷம் தண்டனை, லைசென்சும் போயிற்று.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. எங்கே போனாலும் நடைதான். மதினி பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏலே, உண்மையச் சொல்லு. நான் கொஞ்சம் முந்தி ஸ்டியரிங்க ஒடிச்சிருந்தா அந்தப் பிள்ள பிழைச்சிருப்பாள்லா?"

"அண்ணே, உங்க கையில அப்ப ஒண்ணுமே இல்ல. இரும்பு அதுக்கு முன்னாலயே ஒடிஞ்சு போயிட்டு" என்று சொல்லி, ஒரு தாளை எடுத்து வரிசைகளை வரைந்து, பிசகைக் காட்டி, முதலிலிருந்து விளக்கினேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"நீ படிச்சவன். எனக்காகச் சொல்லுத" என்றார்.

மதினி தலை நிமிராமல் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருந்தார். அதே கேள்வியை டீக்கடையில் கேட்டார், கோயில் வாசலில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டார். என்னிடம் மட்டும் மறுபடி கேட்கவேயில்லை.